வெயிலிலும் மழையிலும் அழியாத செடிப் பெயர்த்தகடு செய்யும் முறை

ஒரே நாளில் மூன்று நான்கு கத்தரி ரகங்களை விதைத்தால், காய் பிடிக்கும் வரை எது எந்த ரகம் என்று இலையை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். ஐஸ்கிரீம் குச்சியில் எழுதி வைத்தால் அது ஈர மண்ணில் மட்கிவிடுகிறது. பிளாஸ்டிக் பட்டையில் மார்க்கரால் எழுதினால் பட்டை நிலைத்தாலும் எழுத்து நிலைப்பதில்லை. மழைக்குக் கரையாத மையின் சாயத்தையும் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் சிதைத்துவிடும். ஆகவே மையே தேவைப்படாத முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன்: காலியான குளிர்பான டின்னின் அலுமினியத் தகட்டில் எழுத்தை அழுத்திப் பதிப்பது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது.

டின்னை நன்றாகக் கழுவி, கையுறை அணிந்துகொண்டு, பழைய கத்தரிக்கோலால் மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் வெட்டி நீக்குங்கள். நடுப்பகுதியை நெடுக்காக வெட்டி விரித்து, மேசை விளிம்பில் சுருளுக்கு எதிர்த்திசையில் இழுத்தால் தகடு ஓரளவு நேராகும். அதை 3 செ.மீ. அகலமும் 9 செ.மீ. நீளமும் கொண்ட துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டிய ஓரம் பிளேடைப் போல் கூர்மையாக இருக்கும் என்பதால், நான்கு பக்கமும் சிறிதளவு பின்புறமாக மடித்து, கரண்டியின் முதுகால் தேய்த்துப் படியவைப்பது கட்டாயம். குழந்தைகள் நடமாடும் தோட்டத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்தது எழுத்து. மடித்து வைத்த செய்தித்தாளின் மேல், வெள்ளி நிறப் பக்கம் மேலே தெரியும்படி தகட்டை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரே சீரான அழுத்தத்தில் மெதுவாக எழுதுங்கள். தமிழில் எழுதும்போது எழுத்துகள் ஒரு செ.மீ. உயரமாவது இருக்கட்டும், சிறிதாக எழுதினால் சுழிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். புள்ளி வைக்கும்போது கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் தகடு கிழிவது பெரும்பாலும் அங்கேதான். பயிரின் பெயரோடு ரகத்தையும் விதைத்த தேதியையும் பதியுங்கள்; 'கத்தரி' என்று மட்டும் எழுதுவதால் பெரிய பயனில்லை, 'வேலூர் முள்கத்தரி, 12-7-2025' என்று இருந்தால்தான் நாற்றைப் பிடுங்கி நடும் நாளையும் கணக்கிடலாம், பின்னர் விதையையும் பெயர் மாறாமல் எடுத்து வைக்கலாம். தகட்டில் மண் படிந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும், பதிந்த கோடு அப்படியே இருக்கும்.

ஒரு முனையில் ஆணியால் துளையிட்டு, அலுமினியக் கம்பியால் குரோ பேக்கின் (செடி வளர்க்கும் பையின்) விளிம்பில் கட்டுங்கள். செம்புக் கம்பி வேண்டாம். ஈரத்தில் செம்போடு ஒட்டியிருக்கும் அலுமினியம் விரைவில் அரிக்கப்பட்டுத் துளை பெரிதாகிவிடும். மா, கொய்யா போன்ற மரங்களில் தண்டைச் சுற்றிக் கட்டாமல் ஒரு பக்கக் கிளையில் தளர்வான வளையமாகத் தொங்கவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அதைத் தளர்த்திவிடுங்கள். கிளை பருக்கும்போது கம்பி பட்டையை இறுக்கினால், இலைகள் தயாரிக்கும் உணவு அந்த இடத்தைக் கடந்து கீழே இறங்க முடியாமல் போகும்.