விளக்கத்தை வீடியோவிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள்

இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களின் ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வுகள் இப்போதுதான் முடிந்தன. ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம். அதற்குள் தங்கள் வேலையைத் திரையில் காட்டி விளக்க வேண்டும். மாணவனாக நான் அந்த இடத்தில் நின்றபோது செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத்து சிறிதாக இருக்கக் கூடாது, மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து கூடாது, எழுத்துப்பிழை கூடாது என்பதையெல்லாம் எந்த ஆசிரியரும் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

யூடியூப் வீடியோவைப் போட்டுவிட்டு நிற்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஒரு குழு, மண்ணின் ஈரத்தை அளந்து தானாகவே தண்ணீர் பாய்ச்சும் கருவியைச் செய்திருந்தது. நல்ல உழைப்பு. ஆனால் தலைப்பு ஸ்லைடு போனதும் நான்கு நிமிட யூடியூப் வீடியோ ஒன்று ஓடத் தொடங்கியது. யாரோ ஒருவர் அமெரிக்க உச்சரிப்பில் சொட்டுநீர்ப் பாசனத்தின் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போனார். மாணவர்கள் நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள்.

வீடியோ முடிந்ததும் புறத்தேர்வாளர் கேட்டார்: “வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது, தம்பி?” பதில் தெரிந்த பையன்தான். சென்சாரிலிருந்து வருவதை ஆர்டுவினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது, மண் காயக் காய எண் ஏறுகிறது, 700ஐத் தாண்டினால் ரிலே என்ற மின்சுவிட்ச் இயங்கி வால்வைத் திறக்கிறது என்று சரியாகவே தொடங்கினான். பாதி சொல்வதற்குள் அவர்களுடைய நேரம் முடிந்துவிட்டது.

வெளியே வந்த பிறகு அந்தக் குழுவில் இருந்த பெண் தன் கைப்பேசியில் எடுத்த காட்சி ஒன்றைக் காட்டினாள். அவர்கள் வீட்டுக் கத்தரிப் பாத்தி. ஓரத்தில் மடிக்கணினி. திரையில் எண் 690, 695, 702 என்று ஏறுகிறது. டக்கென்று வால்வு திறக்கிறது. கறுப்புக் குழாயின் துளையில் நீர் திரண்டு சொட்டுகிறது. மொத்தம் இருபது நொடி. “கை ஆடியிருக்கிறது, அதனால் சேர்க்கவில்லை சார்” என்றாள். நாங்கள் பார்க்க வேண்டியிருந்த காட்சியே அதுதான்! இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான வீடியோ எத்தனை அழகாக இருந்தாலும், உங்கள் கருவி வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது. கை ஆடிய இருபது நொடி சான்று ஆகும்.

வீடியோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்தக் காட்சியாக இருக்கட்டும், அரை நிமிடத்துக்குள் இருக்கட்டும், ஒலியை நிறுத்திவிடுங்கள். ஓடவிடுவதற்கு முன்பே எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்: “வலது பக்கத்தில் உள்ள எண்ணைக் கவனியுங்கள், 700ஐத் தாண்டும்போது வால்வு திறக்கும்.” பிறகு காட்சி ஓட ஓட நீங்களே பேசுங்கள். வால்வு திறக்கும் இடத்தில் நிறுத்தி, ரிலேயைச் சுட்டிக்காட்டி விளக்குங்கள். காட்சி நிற்காமல் ஓடினால், புரியாத இடத்துக்குத் திரும்பிப் போகப் பார்ப்பவரால் முடியாது. நிறுத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

படத்தோடு சேர்ந்தே பேச்சு வர வேண்டும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. சைக்கிள் பம்பு எப்படி இயங்குகிறது என்று காட்டும் அனிமேஷனை வைத்து கல்வி உளவியல் ஆய்வாளர்கள் மேயரும் ஆண்டர்சனும் 1991இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விளக்கத்தை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு படத்தைப் பார்த்த மாணவர்களைவிட, இரண்டையும் ஒரே நேரத்தில் பெற்ற மாணவர்கள் புதிய சிக்கல்களுக்கு நன்றாக விடை கண்டார்கள். எனவே ஐந்து நிமிடம் பேசிவிட்டு, கடைசியில் “இப்போது வீடியோ” என்று போடுவதும் பாதி வீண்தான்.

திரையில் உள்ளதையே வாசிப்பது

இது தவறு என்று தெரிந்தே செய்கிறார்கள், பயம்தான் காரணம். நாம் வாசிக்கும் வேகத்தைவிட வேகமாகத் தேர்வாளர் கண்ணால் படித்து முடித்துவிடுவார். பிறகு உங்கள் குரல் அவருக்கு இடைஞ்சல். மின்னல் எப்படி உருவாகிறது என்று குரலோடு விளக்கும் அனிமேஷனில் அதே சொற்களை எழுத்திலும் சேர்த்தபோது மாணவர்களின் புரிதல் குறைந்தது என்பதை, மேயர் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கண் படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா என்று அல்லாடுகிறது.

மறந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால், குறிப்புகளை ஸ்லைடுக்குக் கீழே உள்ள குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். அது உங்கள் மடிக்கணினியில் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். திரையில் படமும், அதற்கு மேலே ஒரு வாக்கியமும் போதும். அந்த வாக்கியம் “முடிவுகள்” என்று இருந்தால் யாருக்கும் பயன் இல்லை. “மண் காய்ந்தபோது மட்டுமே வால்வு திறந்தது” என்று எழுதுங்கள்.

பின்னணி இசை

வேண்டாம்.

பாமினியில் தட்டச்சு செய்வது

தமிழில் விளக்கம் கொடுக்கும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி. அதனாலேயே இது வருத்துகிறது. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். அரங்கின் கணினியில் பாமினி இருக்கும் என்று நம்பாதீர்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ என்ற யூனிகோடு எழுத்துரு இருப்பதால் எழுத்து குலையாது. பழைய கோப்பு கையில் இருந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு, ர, ற, ள, ழ சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கேபிள்

மடிக்கணினியைப் புரொஜெக்டருடன் இணைக்கும் விஜிஏ கேபிளில் ஒலி போகாது.

‘நன்றி’ ஸ்லைடிலேயே நின்றுவிடுவது

கேள்வி நேரம்தான் மதிப்பெண் கூடும் நேரம். அப்போது திரையில் பூங்கொத்தும் ‘நன்றி’யும் இருந்து என்ன பயன்? நன்றியை வாயால் சொல்லுங்கள். கடைசி ஸ்லைடாக உங்கள் கருவியின் சுற்று வரைபடத்தையே மறுபடி வையுங்கள், சென்சார் எங்கே, ரிலே எங்கே என்று பெயர் எழுதி. கேள்வி வந்தால் திரையைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்லலாம். ஸ்லைடு எண்களை ஒரு தாளில் குறித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பவர்பாயிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது 7 என்று தட்டி என்டரை அழுத்தினால் ஏழாவது ஸ்லைடு நேராக வந்துவிடும், ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை.