பள்ளிப் பெற்றோரின் காலநிலைக் கருத்தை அளப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்கு ஒரு செய்முறை

"காலநிலை மாற்றத்துக்கு நடவடிக்கை வேண்டுமா?" என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் "வேணும்" என்றுதான் சொல்வார்கள். அதை வைத்துப் பள்ளி மேலாண்மைக் குழு ஒரு முடிவும் எடுக்க முடியாது. செலவோடு சேர்த்துக் கேளுங்கள்: "இந்த வருஷம் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. கூரையில் சோலாரா, வெக்கை குறைய மாடிக்கு வெள்ளைப் பூச்சா, மழைநீர்த் தொட்டியா, கழிப்பறைப் பழுதா?" கழிப்பறையை விட்டுவிடாதீர்கள். அது பக்கத்தில் இருந்தால்தான் மற்றவை எவ்வளவு வேண்டியவை என்று தெரியும்.

மாவட்டத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தூத்தூர், குளச்சல், முட்டம் எனக் கடற்கரை, குலசேகரம், அருமனை என ரப்பர் பகுதி, தோவாளை, பூதப்பாண்டி என வயல் பகுதி. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் ஆளைப் பறிகொடுத்த ஊரும், மழை நீண்டு ரப்பர் பால்வெட்டு நாள் குறைந்த ஊரும் ஒரே பதிலை வேறுவேறு காரணத்துக்காகச் சொல்லும். அந்தக் காரணத்தையும் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

பகுதிக்கு 14 பள்ளி, பள்ளிக்கு 10 பெற்றோர், ஆக 420 பேர். 20 பள்ளியில் 20 பேர் வீதம் கேட்டால் அலைச்சல் குறையும், ஆனால் ஒரே பள்ளிப் பெற்றோர் ஒரே மாதிரி நினைப்பதால் புதுத் தகவல் குறைவாகவே வரும். அந்த ஒற்றுமையை, 0 (ஒற்றுமையே இல்லை) முதல் 1 (எல்லாரும் ஒரே பதில்) வரையான அளவில், 0.05 என்று வைத்தால், அப்படிக் கேட்ட 400 பேர் தனித்தனியாகப் பொறுக்கிய சுமார் 205 பேருக்குத்தான் சமம். 420 பேர் 290 பேருக்குச் சமம்.

வருகைப் பதிவேட்டிலிருந்து சம இடைவெளியில் பெயரெடுங்கள். வீட்டில் ஆளில்லை என்றால் இன்னும் இரண்டு முறை போங்கள். பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பாதீர்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படிவம் போட்டால் ஆர்வமுள்ளவர்கள் மட்டுமே நிரப்புவார்கள். வகுப்பாசிரியர் கேட்கவே கூடாது, பிள்ளையை நினைத்துப் பெற்றோர் அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள்.

பால்வெட்டுத் தொழிலாளியை விடியற்காலையில் தேடாதீர்கள், மதியத்துக்குப் பிறகு போங்கள். கடற்கரையில் ஞாயிறு திருப்பலி முடிந்த நேரம் ஆண்கள் கிடைப்பார்கள். தங்குகடலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போன விசைப்படகுக்காரர்கள் அப்போதும் இருக்கமாட்டார்கள். எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று குறித்துவையுங்கள். விளவங்கோடு பக்கம் மலையாளப் படிவமும் கையில் இருக்கட்டும்.

மாவட்டக் கணக்கைக் கூட்டும்போது பகுதிவாரியாக மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை கொடுங்கள். "தெரியாது" என்றவர்களைத் தனியாகக் காட்டுங்கள். ஒரு பகுதியின் 140 பேரில் பிழை சுமார் 10 சதவீதம் கூடவோ குறையவோ வரும். ஆகவே ஒரு பதிலைச் சொன்னவர்கள் கடற்கரையில் 62 சதவீதம், ரப்பர் பகுதியில் 56 சதவீதம் என்று வந்தால், அதை வேறுபாடு என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.