4294967297: இந்த நம்பர்ல நிறைய பேர் சறுக்குற இடங்கள்

2-ஐ 32 தடவை பெருக்கி கூட ஒரு 1 போட்டா வர்ற நம்பர் இது, 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. முதல்ல கமா விஷயம். நெட்ல மூணு மூணா பிரிச்சுத்தான் போட்டிருப்பாங்க, அதைப் பார்த்து 4 கோடின்னோ 42 கோடின்னோ படிச்சுட வேண்டாம், நம்ம முறையில 4,29,49,67,297.

அடுத்தது, இதைப் பார்த்ததும் பகா எண்னு சொல்லிடறது. பெரிய தப்பே இதுதான். ஒற்றைப்படை, இலக்கங்களைக் கூட்டினா 59 அதனால 3-ல போகாது, 5, 7, 11, 13 எதுல வகுத்தாலும் மீதி நிக்குது, அதோட நிறுத்திட்டு பகா எண்தான்னு எழுதிடறாங்க. 1640 வாக்குல கணித மேதை ஃபெர்மாவே இது பகா எண்தான்னு நம்பினார், ஏன்னா இதே அச்சுல, அதாவது 2-ஐ 1, 2, 4, 8, 16 தடவை பெருக்கி 1 கூட்டினா வர்ற 3, 5, 17, 257, 65537 அஞ்சுமே பகா எண்கள். அஞ்சு சரியா வந்துச்சுங்கறதுக்காக ஆறாவதும் வரணும்னு கட்டாயம் இல்லையே! 1732-ல இன்னொரு கணித மேதை ஆய்லர் உடைச்சுக் காட்டிட்டார்: 641 × 6700417.

அதுக்காக 65536 வரைக்கும் (நம்ம நம்பரோட வர்க்கமூலம் கிட்டத்தட்ட அதுதான்) எல்லா பகா எண்ணையும் போட்டு வகுத்துட்டு உக்காரவும் வேண்டாம். இதோட காரணி எதுவா இருந்தாலும் 64-ஆல வகுத்தா மீதி 1 வரணும்னு ஆய்லர் நிரூபிச்சிருக்கார், அப்படி மீதி 1 வர்ற பகா எண்களை மட்டும் பார்த்தா 193, 257, 449, 577, அப்புறம் 641, அஞ்சாவது முயற்சியிலயே மாட்டிக்குது. எனக்கு இந்தக் கணக்குல ரொம்பப் பிடிச்ச இடம் இது, ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாருங்க. 6700417-ஐ 600-ஆல பெருக்கினா 4020250200, 40-ஆல 268016680, 1-ஆல அதே 6700417, மூணையும் கூட்டினா நம்ம நம்பர் அப்படியே வந்து நிக்கும்.

பகா எண்ணான்னு சோதிக்க ஃபெர்மா டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு: ஒரு சின்ன எண்ணை, சோதிக்கிற நம்பர்ல 1 குறைச்சு அத்தனை தடவை பெருக்கி, அந்த நம்பராலயே வகுத்தா மீதி 1 வரணும். அதை 2 வச்சு மட்டும் போடாதீங்க, இந்த நம்பர் அதுல பாஸ் ஆயிடும். 3 வச்சுப் போட்டா ஃபெயில். மீதி இல்லாம இதை வகுக்குற எண்கள் (வகுஎண்கள்) எத்தனைன்னு கேட்டா 2 இல்ல, 1-ஐயும் அந்த நம்பரையும் சேர்த்து 4, கூட்டுத்தொகை 4301668356. இதைவிடச் சின்னதா, இதோட 1-ஐத் தவிர வேற பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனைன்னா இந்த நம்பர்ல 1 கழிச்சு எழுதிடறாங்க, அது பகா எண்ணுக்கு மட்டும்தான் சரி, இங்க 640 × 6700416, அதாவது 4288266240.

கம்ப்யூட்டர்ல இன்னொரு ஆபத்து. என் தம்பி சி மொழியில ஒரு ப்ரோக்ராம் எழுதி, 641-ஆல வகுத்தா மீதி 1 வருது, நீ சொன்னது தப்புன்னு கொண்டு வந்து காட்டினான். பார்த்தா நம்பரை அன்சைன்ட் இன்ட்ல (மைனஸ் இல்லாத முழு எண்ணை வைக்கிற 32 பிட் இடம்) வச்சிருக்கான். 32 பிட்ல அதிகபட்சம் 4294967295 தான் அடங்கும், நம்மது அதைவிட 2 அதிகம், அதனால சுத்தி வந்து வெறும் 1-ஆ நின்னுடுச்சு, அந்த 1-ஐத்தான் 641-ஆல வகுத்திருக்கான். அதைவிடப் பெரிய இடமான லாங் லாங்னு மாத்தி ஓட்டினோம், மீதி 0.