பேட்டரியை அடிவரை காலி செய்யலாமா?

"முழுசா தீரட்டும், அப்புறம் சார்ஜ் போடு" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் புழங்கிய காலத்துப் பேச்சு அது. பாதியில் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால் அவற்றுக்கு 'மெமரி எஃபெக்ட்' வரும், அதாவது அந்தப் பாதி அளவையே 'ஞாபகம்' வைத்துக்கொண்டு முழுத் திறனைத் தராமல் போகும் என்ற பயம் இருந்தது. இன்றைய லித்தியம் அயன் (போன் போன்றவற்றில் இருப்பது), லெட் ஆசிட் (கார் போன்றவற்றில் இருப்பது) பேட்டரிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அடிவரை காலி செய்தால் அவற்றின் ஆயுள் குறையத்தான் செய்யும். அதைவிட மோசம், காலியானதை அப்படியே போட்டு வைப்பது.

படி 1: வகையைக் கண்டுபிடியுங்கள்

லேபிளைப் பாருங்கள். ஒரு செல்லுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட் என்றிருந்தால் லித்தியம் அயன். 1.2 வோல்ட் என்றால் நிக்கல் வகை. தூக்கவே சிரமமான 12 வோல்ட் பெட்டி பெரும்பாலும் லெட் ஆசிட்.

படி 2: லெட் ஆசிட் என்றால் அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பிளஸ்ஸில், கருப்பு முனை மைனஸில். பேட்டரி சில மணி நேரமாவது சும்மா இருந்திருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போதோ லோடு ஓடும்போதோ எடுக்கும் அளவை நம்பாதீர்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.1 பக்கம் வந்தால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது. நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் அங்கேயே நிறுத்துவது நல்லது.

காரணம் இதுதான். டிஸ்சார்ஜ் ஆகும்போது தகடுகளில் லெட் சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் போட்டால் அந்தப் பொடிப் படிகங்கள் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் விட்டால் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும், பிறகு சார்ஜுக்கு மசியாது. அந்த அளவு கொள்ளளவு போனது போனதுதான். காரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி இன்னும் பாவம். ஒரு நொடி அதிக கரண்ட் கொடுக்கத்தான் அதன் தகடுகள் மெல்லியதாகச் செய்யப்பட்டிருக்கின்றன. சில முறை முழுக்க இறங்கினாலே தளர்ந்துவிடும்.

படி 3: லித்தியம் என்றால் 20 சதவீதத்தில் சார்ஜ் போடுங்கள்

போன் 0 சதவீதம் காட்டும்போது செல் உண்மையில் வறண்டுவிடுவதில்லை. ஒரு செல் 3 வோல்ட் அருகே வந்ததும் உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் துண்டித்துவிடும். எனவே ஒருநாள் அணைந்துபோனால் பதற வேண்டாம். ஆனால் அணைந்த போனை மாதக்கணக்கில் டிராயரில் போட்டால், மிச்சமிருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். 2 வோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம்.

தினசரி பயன்பாட்டில், ஒரேயடியாக 100-லிருந்து 0 வரை இறக்குவதைவிட, பாதி பாதியாக இரண்டு முறை இறக்கினால் தேய்மானம் குறைவு. எப்போதாவது முழுக்க இறக்கி ஏற்றச் சொல்வார்களே, அது சதவீதக் கணக்கைச் சரிசெய்யத்தான். பேட்டரிக்கு அதனால் லாபமில்லை.

படி 4: நிக்கல் செல்கள்

டார்ச் மங்கினால் அணைத்துவிடுங்கள். வரிசையாகப் போட்ட செல்களில் பலவீனமானது முதலில் தீரும். மற்றவை அதன் வழியே தொடர்ந்து கரண்ட்டைத் தள்ள, அதன் பிளஸ்-மைனஸ் தலைகீழாகிக் கெட்டுவிடும். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலக்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.

படி 5: எடுத்து வைக்கும் முன்

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் இரண்டுக்கும் விதி நேர் எதிர். லெட் ஆசிட்டை முழுதாக நிரப்பி வையுங்கள். ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஏற்றுங்கள். லித்தியத்தைப் பாதி அளவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். அதை 100 சதவீதத்தில் வைத்திருப்பதும் ஆயுளைக் குறைக்கும்.

படி 6: ஏற்கெனவே அடியோடு இறங்கிவிட்டதா?

லெட் ஆசிட் என்றால் இன்றே, மெதுவாக ஏற்றுங்கள். 100 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 10 ஆம்பியர் போதும். வோல்ட்டேஜ் மிகவும் தாழ்ந்திருந்தால் சில தானியங்கி சார்ஜர்கள் அதைப் பேட்டரியாகவே ஏற்காது. அப்போது பேட்டரி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். லித்தியம் செல் 2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தாலோ, உப்பியிருந்தாலோ, வேறு பேட்டரியோடு ஒயர் இணைத்து உயிர் கொடுக்கும் வீடியோ வித்தையெல்லாம் வேண்டாம், தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.