மரத்தின் குறையை மறைக்காமல் வாத்து அழைப்புக்குழலை மெருகேற்றும் முறை

அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்குச் செல்வோர் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் சிறிய மரக்குழலில் ஊதினால், பெட்டை மல்லார்டு வாத்தின் குரல் எழும். பதிவு செய்த ஒலியையோ மின்கருவியால் பெருக்கிய ஒலியையோ கொண்டு வாத்துகளை அழைப்பதை அந்நாட்டின் மத்திய விதிகள் தடை செய்திருப்பதால், வாயால் ஊதும் இந்தக் குழலுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை. டென்னசியின் ரீல்ஃபுட் ஏரிப் பகுதியில் ஊதும் காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் நாக்கை உலோகத்தில் வைத்த குழல்கள் பெயர் பெற்றவை. 1936 முதல் வாத்து அழைக்கும் போட்டி நடக்கும் ஸ்டட்கார்ட் நகரைக் கொண்ட ஆர்கன்சாவிலோ, நாக்கு அமரும் நாதப்பலகையையும், குழலின் உடலுக்குள் நுழையும் செருகியையும் ஒரே கட்டையில் செதுக்கும் பாணி வளர்ந்தது. இங்கே நாம் எடுத்துக்கொள்வது இந்த ஆர்கன்சா பாணிக் குழலைத்தான். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிரின பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை, ஆகவே இங்கிருந்து செய்து பார்ப்பவர்கள் இதை மரக்கடைசல் பயிற்சியாக மட்டுமே கொள்ள வேண்டும்.)

அக்ரிலிக்கில் கடைந்த குழல் நீரில் ஊறாது, வெடிக்காது. ஒன்றைப் போலவே நூறு குழல்களைச் செய்துவிடலாம். அப்படியிருக்க ஒருவர் மரக்குழலைத் தேடி வாங்குகிறார் என்றால், அந்தக் கட்டைக்கே உரிய கணுவும் கருங்கோடும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவற்றை மரத்தூள் பசையால் மூடி, சாயம் பூசி, கண்ணாடி போன்ற பளபளப்பில் அமுக்கிவிட்டால் மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே பொருளில்லாமல் போய்விடும். ஆனால், எல்லாக் குறைகளையும் அப்படியே விட்டுவிடவும் முடியாது. காற்றைக் கசியவிடும் குறையையும் வலிமையைக் குறைக்கும் குறையையும் சரிசெய்தே ஆக வேண்டும். கண்ணுக்கு மட்டும் தெரியும் குறையைத் தொடக்கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே செல்கின்றன.

முதல் படி: குறையை இனம் காணுதல்

குழலின் உடலுக்கு 38 மில்லிமீட்டர் சதுரமும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கட்டை போதும்; செருகிக்கு அதைவிடச் சற்றுக் குட்டையான இன்னொரு கட்டை வேண்டும். தொடக்கநிலையினருக்குக் கருப்பு வால்நட், மேப்பிள், ஓசேஜ் ஆரஞ்சு ஆகிய மூன்றும் ஏற்றவை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் போடார்க் என்றும் அழைக்கப்படும் ஓசேஜ் ஆரஞ்சு மிகக் கடினமானது. கடைந்த அன்று மஞ்சளாக மின்னி, வெளிச்சம் பட்டு நாளடைவில் பழுப்பாக மாறும்.

கட்டையை நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சுற்றியுள்ள மரத்தோடு இறுகப் பிணைந்த கணு, உள்வைரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வெளிர்ந்த வெள்ளை மரத்துக்கும் இடையிலான நிற எல்லை, பூச்சி துளைத்த சிறு துளைகள், பூஞ்சை பட்ட மேப்பிளில் காணப்படும் மெல்லிய கருங்கோடுகள் ஆகியவை வைத்துக்கொள்ளத் தக்கவை. அந்தக் கருங்கோடு, மரத்துக்குள் வளரும் பூஞ்சைக் கூட்டங்கள் தத்தம் எல்லையில் எழுப்பிக்கொள்ளும் சுவர் என்பதால், எந்த இரண்டு கட்டையிலும் ஒரே வடிவில் அமைவதில்லை. ஆடும் கணுவும், பட்டை உட்புகுந்த பிளவும், தண்டின் நடுச்சோற்றிலிருந்து ஆரமாகக் கிளம்பும் வெடிப்பும் ஐயத்துக்குரியவை. மரம் உலரும்போது வளையங்களின் திசையில் சுருங்குவது, ஆரத்தின் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் நடுச்சோறு உள்ள கட்டை எப்படியும் வெடிக்கும். அதை ஒதுக்கிவிடுவதே நல்லது.

பூஞ்சை பட்ட இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் அந்த மரம் உளுத்துவிட்டது; வெற்றிடக் கலனில் பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தாமல் அது உளிக்கு நிற்காது. பூச்சித் துளையைத் தட்டும்போது மாவு போன்ற புதுத்தூள் உதிர்ந்தால் உள்ளே உயிருள்ள புழு இருக்கலாம். ஏற்றுமதி மரப்பெட்டிகளுக்கான சர்வதேச விதி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டி 30 நிமிடம் நீடிக்க வேண்டும் என்கிறது. அதைக் குறைந்த அளவாகக் கொண்டு கட்டையைச் சூடாக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: குறைக்கு இடம் ஒதுக்குதல்

பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில் பாதி வேலை இங்கேதான் முடிகிறது. குழலில் குறை வரக்கூடாத இடங்கள் மூன்று உண்டு. உதடு படும் விளிம்பு ஒன்று; அங்கே துளை இருந்தால் அழுக்கும் எச்சிலும் தேங்கும். செருகி நுழையும் முனை மற்றொன்று. ஒவ்வொரு முறை செருகும்போதும் அந்த வளையம் வெளிப்புறமாகத் தள்ளப்படுவதால் மயிரிழை வெடிப்புகூட நீண்டுகொண்டே போகும், பித்தளைப் பூண் போடுவதும் அதனால்தான். மூன்றாவது இடம் செருகி முழுவதும். நாதப்பலகையின் மேற்பரப்பில்தான் நாக்கு அதிர்கிறது. அங்கே ஒரு சிறு பள்ளம் இருந்தாலும் குரல் பிசிறும். ஆகவே செருகிக்கு ரேகை நேராக ஓடும், குறையில்லாத கட்டையையே எடுங்கள்.

மிஞ்சுவது குழல் உடலின் நடுப்பகுதி. கட்டையின் நான்கு முகங்களிலும் குறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்து, அது நடுவில் விழும்படி இரு முனைகளையும் அறுத்துக்கொள்ளுங்கள். துளையின் மையத்தை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினாலேகூடக் கணு முழுவட்டமாகத் தெரிவதும் பாதியாக வெட்டுப்படுவதும் மாறும் என்பதால், துளையிடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: துளையிடுதலும் கடைதலும்

கட்டை நன்கு உலர்ந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்து, எடை குறைவது நின்ற பிறகு எடுத்தால் போதும். ஐந்தெட்டு அங்குலம், அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் அளவுள்ள துளைப்பானைக் கொண்டு மெதுவாகத் துளையிட்டு, அடிக்கடி வெளியே இழுத்துச் சீவலை அகற்றுங்கள். அவசரப்பட்டால் எழும் சூடு, கணுவைச் சுற்றிப் புது வெடிப்பை உண்டாக்கும்.

கடையும்போது சிதறும் துண்டுகளிலிருந்து முகம் முழுவதையும் காக்கும் கண்ணாடி போன்ற தடுப்புக்கவசம் கட்டாயம் வேண்டும். பூஞ்சை பட்ட மரமாக இருந்தால் தூசியை வடிகட்டும் சுவாசக்கவசமும் வேண்டும். கட்டை உருண்டையானதும், இறுதி அளவுக்கு இரண்டு மில்லிமீட்டர் மீதம் இருக்கும்போது லேத்தை நிறுத்திவிட்டுக் குறையுள்ள இடத்தைப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அதற்குள் நீர்த்த சயனோஅக்ரிலேட் பசையை (நொடியில் ஒட்டும் ‘சூப்பர் குளூ’ வகை) சொட்டவிட வேண்டிய நேரம் இதுதான். பசை மெல்லியதாக இருப்பதால் தானாகவே இழுபட்டு உள்ளே இறங்கும். வெளியே வழிந்தது பின்னர் உளியோடு போய்விடும். ஆனால் மேப்பிள் போன்ற வெளிர் மரத்தில் இந்தப் பசை பக்கவாட்டிலும் ஊறி, வெடிப்பைச் சுற்றி எண்ணெய்க் கறை போல ஒரு கருவளையத்தை விட்டுவிடும். அந்த வளையத்தைத் தவிர்க்க, முதலில் அந்த இடத்தில் மெல்லிய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரு கை பூசி உலரவிட்டு, அதன் பின் பசையை விடுங்கள். உறைவைத் துரிதப்படுத்தும் தெளிப்பான் வேண்டாம்; அது பசையை நுரைக்கவைத்து வெண்மையாக்கிவிடும்.

நான்காம் படி: எதை நிரப்புவது, எதை விடுவது

ஊசியளவு துளைக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். குழலின் உட்சுவர்வரை கம்பி போனால் காற்றுக் கசியும். அதை அடைத்தே ஆக வேண்டும். பாதியில் நின்றால் வெறுமையாகவே விடலாம், உட்பக்கம் மட்டும் பசையால் கெட்டிப்பட்டிருக்க வேண்டும்.

ஊடுருவிப் போகும் துளையை அடைக்கும்போதும் குறை மறையாமல் பார்த்துக்கொள்ளலாம். துளையின் உள்வாயை எபாக்சியால் (இரு பகுதிகளைக் கலந்து இறுகவிடும் பிசின்) மூடி, வெளிவாயைக் கிண்ணம் போல் பள்ளமாகவே விடுவது ஒரு வழி. இதற்கு 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு உருளைக் குச்சியில் மெழுகு தடவித் துளைக்குள் செருகிக்கொண்டால், எபாக்சி குழலுக்குள் வழியாது. பெரிய கணுப்பிளவாக இருந்தால் கருநிறம் கலந்த எபாக்சியையோ, உலர்ந்த காப்பித்தூள் கலந்த பசையையோ முழுவதுமாக நிரப்பலாம். கணுவே கருமையானது என்பதால் அது பொருந்திப் போகும். பச்சைக்கல் தூள், பித்தளைத் தூள் நிரப்புவோரும் உண்டு. அது அழகுதான்; ஆனால் பார்ப்பவர் கண் தூளில் நின்றுவிடும், மரத்துக்குப் போகாது. அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைத்தால் யாருக்கும் தெரியாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பசை பட்ட தூள் மரத்தைவிட எப்போதும் கருத்தே போகும். அது குறையை மறைப்பதும் இல்லை, காட்டுவதும் இல்லை. ஒட்டுப்போட்ட துணியாகத்தான் நிற்கும்.

ஐந்தாம் படி: உப்புத்தாள்

150, 220, 320, 400 என்ற வரிசையில் தேயுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி, ரேகையின் போக்கில் கையால் ஒருமுறை தேய்த்தால் வளையக் கீறல்கள் போய்விடும். விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால், பூஞ்சை பட்ட மென்பகுதி கணுவைவிட விரைவாகத் தேய்ந்து பள்ளம் விழும். தாளுக்குப் பின்னால் ஒரு சிறு மரத்துண்டை வைத்துக்கொள்ளுங்கள். திறந்த துளைக்குள் தூள் அடைந்துகொண்டால் பூச்சு அதைக் கட்டியாக்கிவிடும் என்பதால், ஒவ்வொரு தாளும் முடிந்தவுடன் பழைய பல்துலக்கியால் துளையைத் தட்டிச் சுத்தம் செய்வது நல்லது.

ஆறாம் படி: பூச்சு

முதன்முதலாகச் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆளி விதை எண்ணெயையோ டங் எண்ணெயையோ அடிப்படையாகக் கொண்ட, காய்ந்து இறுகும் பூச்சு. அது மரத்துக்குள் இறங்கி ரேகையின் ஆழத்தைக் காட்டும். துளையின் விளிம்பு கூர்மை மாறாமல் இருக்கும். துணியால் மெல்லிதாகத் தடவி, சில நிமிடங்களில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, மறுநாள் அடுத்த கை பூசுங்கள். நான்கைந்து கை தேவைப்படும். முதல் கைக்குப் பின் ஒரு மணி நேரம் அருகிலேயே இருப்பது நல்லது. வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல மேலே கசிந்து திட்டாக நிற்கும். அதைக் காயவிட்டால் பிசுபிசுப்பான மரு போல ஆகிவிடும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. வெளியே விரித்துக் காயவையுங்கள்.

சயனோஅக்ரிலேட் பசையையே பூச்சாகப் பூசுவோரும் உண்டு. நீர் புகாது, மிகவும் கடினமாக இருக்கும். ஆனால் சிறு துளைகளின் வாயில் அது மெல்லிய படலமாகப் பாலம் கட்டிக்கொள்ளும். பிறகு ஒருநாள் அந்தப் படலம் உடைந்து ஓரம் கூராக நிற்கும். இம்முறையைக் கையாள்வதானால் துளையை முழுவதுமாக நிரப்பிவிட்டுப் பூசுங்கள். பருத்தித் துணியில் இந்தப் பசை பட்டால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும் என்பதால் காகிதத் துவாலையையே பயன்படுத்த வேண்டும். பளபளப்பைப் பொறுத்தவரை, அரைமெருகே குறைகளுக்கு உகந்தது என்பது என் கருத்து. முழுப் பளபளப்பில் ஒரு துளை, வேலை முடியாமல் விட்டது போலத் தோன்றும்.

குழலின் உட்புறத்துக்கும் பூச்சு கட்டாயம் வேண்டும். ஊதும்போது மூச்சின் ஈரம் முழுவதும் அங்கேதான் படிகிறது. வெளியே மட்டும் பூசிய குழல் உள்ளே ஊறிப் பருத்து, செருகியைப் பிடித்துக்கொள்ளும். வெளியே விட்டுவைத்த வெடிப்பும் அதனால் அகலும். ஒரு குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே இரண்டு கை பூசிவிடுங்கள்.

கசிவுச் சோதனையும் பொருத்துதலும்

பூச்சு நன்கு இறுகிய பிறகு குழல் உடலின் ஒரு முனையை உள்ளங்கையால் அழுத்தி மூடி, மறுமுனையை உதட்டில் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். குழல் உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றால் கசிவு இல்லை. காற்று வந்துகொண்டிருந்தால், குறையுள்ள ஒவ்வோர் இடத்தையும் விரலால் மூடியபடி மீண்டும் உறிஞ்சிப் பாருங்கள். எந்த இடத்தை மூடும்போது கசிவு நிற்கிறதோ, அங்கே உட்புறத்திலிருந்து ஒரு சொட்டு எபாக்சி வைத்தால் போதும்.

அதன் பின் நாதப்பலகையின் மேல் 0.010 அல்லது 0.014 அங்குலத் தடிமனுள்ள மைலார் என்னும் பிளாஸ்டிக் தகட்டு நாக்கை வைத்து, தக்கை ஆப்பால் இறுக்கிச் செருகியைக் குழலில் பொருத்துங்கள். முதல் சில வாரங்களில் பயன்படுத்தியதும் இரண்டையும் தனித்தனியே கழற்றி நிழலில் உலரவிட்டு, விட்டுவைத்த வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் மெல்லிய புள்ளி இட்டு வையுங்கள். வெடிப்பு அந்தப் புள்ளிகளைத் தாண்டினால், அதன் முனையில் மீண்டும் நீர்த்த பசையை விட்டு, அந்த இடத்தில் மட்டும் 400 தாளால் தேய்த்து ஒரு கை எண்ணெய் பூசிக்கொள்ளலாம்.