நிலைகொள்ளாத கால்களும் மனநோய் மாத்திரைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநல வார்டுக்கு வரும் பயிற்சி மருத்துவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: மாத்திரையால் வரும் தவிப்பை அடையாளம் காண்பதில். நாங்களும் அந்த வயதில் வழுக்கிய இடம்தான் அது. தப்பாக எழுதிய வேளை, விட்டுப்போன மாத்திரை போன்றவை தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தவிப்பை நோய் என்று நினைத்து டோஸைக் கூட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஓர் இளைஞருக்கு ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. காதில் கேட்ட குரல்கள் அடங்கிக்கொண்டிருந்தன. ஆனால் வராந்தாவில் ஓயாமல் நடந்தார். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கவளத்தில் எழுந்துவிடுவார். இரவுக் குறிப்பில் 'கிளர்ச்சி அதிகம்' என்று எழுதினார்கள். டோஸ் கூடியது, நடையும் கூடியது. மறுபடி கூட்டினார்கள். "நோய் முத்திப்போச்சுங்களா டாக்டர்?" என்று அவருடைய அம்மா அழுதார்.

"நடக்கணும்னு தோணுதா, நடக்காம இருக்க முடியலையா?" என்று அவரிடமே கேட்டேன். "உள்ளுக்குள்ள ஏதோ பிடிச்சுத் தள்ளுது சார், உட்காரவே விடமாட்டேங்குது" என்றார்.

இதுதான் அகதீசியா. செக் நாட்டு நரம்பியல் மருத்துவர் ஹாஸ்கோவெட்ஸ் 1901இலேயே இந்தத் தவிப்பைப் பதிவு செய்தார். மனநோய் மாத்திரைகள் 1950களில் வந்த பிறகு இதற்குப் பெரும்பாலும் அவையே காரணம். டோஸைக் குறைத்து, ஆஸ்துமா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தவிப்பைத் தணிக்கும் புரொப்ரனலால் மாத்திரை கொடுத்தோம். சில நாளில் உட்கார்ந்து சாப்பிட்டார். கவனிக்காமல் விட்டால் இந்த வேதனை தாங்காமல் மருந்தையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் இது கொண்டுபோகும். 'கிளர்ச்சி' என்று எழுதும் முன் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அகதீசியாவையும் அமைதியற்ற கால் நோயையும் ஒன்றாக்குவது

அமைதியற்ற கால் நோய் மாலையிலும் இரவிலும் படுத்த பிறகே அதிகம் படுத்தும். கால் குடைகிறது, உள்ளே ஏதோ ஊர்கிறது என்பார்கள். எழுந்து நடந்தால் அந்த நேரத்துக்கு அடங்கும். அகதீசியாவுக்குப் பகல் இரவு கிடையாது, தவிப்பு காலோடு நிற்பதும் இல்லை. ஓலன்சபின், குவெடியாபின் போன்ற மனநோய் மாத்திரைகளால் கால் நோயும் வரலாம். தூக்கத்துக்கென்று இரவில் குவெடியாபின் எழுதி, கால் குடைச்சலால் நோயாளியின் தூக்கத்தையே கெடுத்துவிடாதீர்கள்.

பிராமிபெக்சோல், ரோபினிரோலை யோசிக்காமல் எழுதுவது

இவை கால் நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைச் செய்பவை; மனநோய் மாத்திரைகள் அடக்குவதும் அதைத்தான். கால் அடங்கும், குரல்கள் திரும்பலாம்.

ஃபெரிட்டின் பார்க்காமல் விடுவது

ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலில் இரும்பு இருப்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைதான் ஃபெரிட்டின். கால் நோய் உள்ளவருக்கு ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பதை யோசியுங்கள்.

வாந்தி மாத்திரையைப் பற்றிக் கேட்க மறப்பது

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் அகதீசியா தரும். பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மனநோய் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவது

கூடாது.

வீட்டாரிடம் சொல்லாமல் விடுவது

முதல் சீட்டு எழுதும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "இருப்புக்கொள்ளாம தவிச்சாங்கன்னா மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, மறுநாளே கூட்டிட்டு வாங்க."