நிலைவாழ்வை நம்புகிறேன் என்றால் மொய் நோட்டை என்ன செய்வது?

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாளே எங்கள் தேவகோட்டைப் பக்கத்தில் முள் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, கல்லறைகளைப் பளிச்சென்று ஆக்கிவிடுவோம். மறுநாள் பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது அவரவர் வீட்டுக் கல்லறை பக்கத்தில் போய் நின்றுகொள்வோம். "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன், நிலைவாழ்வை நம்புகிறேன்" என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறவர்கள்தான் எல்லோரும், அதாவது செத்தவர்கள் உடலோடு எழுவார்கள், சாவுக்குப் பிறகு முடிவில்லாத வாழ்வு உண்டு என்று. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, இதை நம்புகிறவனுக்கும் நம்பாதவனுக்கும் நடத்தையில் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால் பிரசங்கம் இல்லாமல், கையால் செய்கிற காரியமாக ஒரு சில சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று 57 வசனம் வாதாடிவிட்டு, 58இல் பவுல் வந்து நிற்கிற இடம் வேலை: ஆண்டவருக்காக நீங்கள் படுகிற பாடு வீண்போகாது, உறுதியாக நின்று வேலையைச் செய்யுங்கள் என்கிறார். அடுத்து 16:1இல் என்ன தெரியுமா, காணிக்கை வசூல்! எருசலேமில் கஷ்டப்படுகிறவர்களுக்கு வாராவாரம் ஒரு தொகையை எடுத்து வையுங்கள் என்கிறார். அதிகாரப் பிரிவெல்லாம் பிற்காலத்தில் போட்டது, கடிதத்தில் உயிர்ப்பும் வசூலும் அடுத்தடுத்த வரிகள்தான்.

சரி, இப்போது மொய் நோட்டை எடுங்கள். ஊர், பேர், தொகை என்று வரிசையாக இருக்கும். அந்த வீட்டில் காதுகுத்து, கல்யாணம் வந்தால் நோட்டைப் புரட்டி, அவர்கள் போட்டதற்கு மேலே நூறோ இருநூறோ சேர்த்துப் போடுவோம். புதுக்கோட்டைப் பக்கம் ஆடி மாதத்தில் இதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள். இதை நான் தப்பு என்று சொல்லவில்லை, பேங்க் கடன் கிடைக்காதவனுக்கு இதுதான் பேங்க். ஆனால் லூக்கா 14இல் இயேசு ஒரு விருந்துக்குப் போன இடத்தில், கூப்பிட்ட மனிதரிடமே, நண்பர்களையும் சொந்தக்காரரையும் பணக்காரப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடாதே, அவர்கள் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள், ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் பார்வையற்றவர்களையும் கூப்பிடு, அவர்களால் திருப்பிச் செய்ய முடியாது, உனக்கு உயிர்த்தெழுதலில் கைம்மாறு கிடைக்கும் என்கிறார். நம் ஊர்க்காரன் காதில் விழுந்தால் இது மொய்யைப் பற்றிய பேச்சுதான்.

ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் இனிமேல் ஒரு விசேஷமும் நடக்க வாய்ப்பில்லாத வீடுகளை அதில் எழுதுங்கள், அதாவது பிள்ளை இல்லாத பாட்டி, புருஷன் குடித்தே செத்துப்போன பெண், மனநிலை சரியில்லாத மகனை வைத்துக்கொண்டு வெளியே வராத தகப்பன், இப்படி. அப்புறம், எங்கே மொய் எழுதினாலும் அதில் பாதியையாவது இந்தக் கடைசிப் பக்கத்தில் எழுதிய வீடு ஒன்றுக்குக் கொடுங்கள். வியாபாரக் கணக்கிலேயே மகமை என்று தர்மத்துக்குத் தனியாகப் பற்று எழுதிய செட்டிநாட்டில் இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை.

காரைக்குடி டீக்கடையில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "அப்ப இதுவும் வட்டிக் கணக்குத்தானே, இங்க வராதது அங்க வரும்?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பிறகு மத்தேயு 25ஐப் படிக்கும்போதுதான் கவனித்தேன், கடைசித் தீர்ப்பில் ஆண்டவர் எனக்குச் சாப்பாடு போட்டீர்கள் என்றதும் வலதுபக்கம் நிற்கிறவர்கள் திகைத்துப்போய், ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியோடு கண்டு சாப்பாடு போட்டோம் என்று கேட்கிறார்கள். அவர்கள் கணக்கே வைத்திருக்கவில்லை. ஆகவே அந்தக் கடைசிப் பக்கத்துக்குக் கூட்டுத்தொகை போடாதீர்கள், கை பழகியதும் எழுதுவதையே விட்டுவிடலாம்.

அடுத்தது கூலி. போன வருடம் திண்ணைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். நாலு கல் மேடுபள்ளமாகப் போய்விட்டது என்று கொத்தனாருக்கு 1,800 ரூபாயை நிறுத்திவைத்தேன். அவர் இரண்டு தடவை வந்து வாசலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பணத்தைப் பற்றி வாயைத் திறக்காமல், ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் அரித்த புண்ணைப் பார்த்தேன். பிடித்துவைத்த கூலி கூக்குரல் போடுகிறது, அது கடவுளின் காதை எட்டிவிட்டது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. கடைசி நாளில் நியாயம் கேட்பார்கள் என்று உண்மையாகவே நம்பினால் கூலியை அன்று சாயங்காலமே கொடுத்துவிட வேண்டும், குறையைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். கொடுத்துவிட்டேன். கல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, காலில் தட்டுகிறது.

சாமான் விஷயத்தை நீட்ட வேண்டாம். பழைய சாமான் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒருமுறை நடந்தால் போதும். பர்மாவில் சம்பாதித்து வாங்கியது, யாரோ ஒரு ஆச்சிக்குச் சீராக வந்தது, எல்லாம் விலைக்குக் கிடக்கிறது. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவில் சேர்த்ததை விட்டுவிட்டுக் கால்நடையாக ஓடிவந்தவர்களின் கதையும் இந்த ஊர்களில் உண்டு. கொடுக்க நினைப்பதை உயிரோடு இருக்கும்போதே கையில் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, சொத்து, சுவர் என்று சொந்தக்காரர்களோடு போடுகிற சண்டை. காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் ஆகு என்று மத்தேயு 5இல் இருக்கிறது. போகும்போது பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். விசேஷ நாளில் போகாதீர்கள், கூட்டத்தில் பேச முடியாது. சும்மா ஒரு செவ்வாய், புதன் பார்த்து, அரைக்கிலோ பழத்தோடு போய், சுவரைப் பற்றிப் பேசாமல் அவர் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். மோட்சத்தில் பக்கத்தில் உட்கார வேண்டிய ஆள், இங்கே எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிக்கொள்கிறோம்.

எங்கள் சித்தப்பா மகன் வீட்டு வாசலை மிதித்து ஆறு வருடம் ஆகிறது. பொங்கலுக்குள் போக வேண்டும்.